மலையிலிருந்து கடலுக்கு

அன்புள்ள ஐயா,

கோவையிலிருந்து நாங்கள் பன்னிரண்டு பேர் நவம்பரில் எகிப்தின் சினாய் போகிறோம். கெய்ரோவிலிருந்து வேனில் தஹப் என்ற கடற்கரை ஊர். அங்கே மூன்று நாள் கடல், ஸ்கூபா டைவிங். மூன்றாம் நாள் வியாழன். அன்று இரவு பத்து மணிக்குக் கிளம்பி சினாய் மலை என்று சொல்லப்படும் மூசா மலையில் சூரியோதயம் பார்க்கிறோம், வெள்ளி காலை அதன் அடியிலுள்ள புனித கேத்தரின் மடாலயம். பிறகு இரண்டு இரவு பாலைவனத்தில் கூடாரம். என் அம்மாவுக்கு 68 வயது. ஒட்டகத்தில் ஏற்றலாமா, மெதுவாக நடக்க வைக்கலாமா? உண்மையான சினாய் மலை சவுதியில் இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியென்றால் நாங்கள் ஏறப்போவது எதை? எங்களில் எல்லோரும் வெள்ளியங்கிரி ஏறியவர்கள்தான், மலை புதிதில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

68 வயது அம்மாவைப் பாலைவனத்துக்கு அழைத்துப்போகும் பிள்ளைகள் குறைவு. நன்றாக இருங்கள்.

சவுதி வழக்கை விட்டுத்தள்ளுங்கள். எந்த மலை என்பதற்கு அகழாய்வுச் சான்று எந்தப் பக்கமும் இல்லை. எகேரியா என்ற பெண் யாத்ரிகர் 380களில் ஏறி எழுதிவைத்தது இந்த மலையைத்தான். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் ஆறாம் நூற்றாண்டில் மடாலயம் கட்டியதும் இதன் அடியில்தான். ஆயிரத்து அறுநூறு வருடமாக மக்கள் ஏறும் மலை அது, போதும்.

பகலில் தஹப் டைவிங், அன்றிரவே மலை என்று சேர்த்துப் போடும் திட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்திருந்தேன். உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது. யார் போட்டுக் கொடுத்தது இந்தத் திட்டத்தை? பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையா?

18 மீட்டர் ஆழத்தில் உங்கள் மேல் இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து தங்கும். மேலே வந்த பிறகு மணிக்கணக்கில், மெதுவாகத்தான் வெளியேறும். மூன்று நாள் தொடர்ந்து இறங்கினால் முந்தைய நாள் மிச்சத்தின் மேல் இன்றையதும் சேரும். கோலி சோடாவில் கோலியைத் தட்டியதும் என்ன நடக்கிறது? அழுத்தம் சட்டென்று குறைகிறது, அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த வாயு குமிழியாகப் பொங்குகிறது. மூசா மலை உச்சி 2,285 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய இதே அளவுதான். டைவ் செய்த அன்றே விமானம் ஏறக்கூடாது என்று உங்கள் பயிற்சியாளர் சொல்லியிருப்பார். அந்த விதிக்கு மலை மட்டும் விலக்கா?

டைவ் செய்பவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பு டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். அதன் கணக்கு இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம். கேபின் அழுத்தம் 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும் விமானங்களுக்காகச் சொன்ன கணக்கு. உங்கள் திட்டத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். கடைசி டைவ் முடிந்து பிற்பகல் மூன்று மணிக்குக் கரையேறுகிறீர்கள். நள்ளிரவு தாண்டி வேன் மடாலயத்துக்குப் போய்ச் சேரும்போது ஒன்பது, பத்து மணி நேரம்தான் ஆகியிருக்கும், அந்த இடமே 1,500 மீட்டர். விடிகாலை ஐந்தரைக்கு உச்சி, பதினாலரை மணி நேரம். 18 எங்கே? இதில் தூக்கமில்லை, குளிர், தண்ணீர் குடிக்காத உடம்பு, மூச்சிரைக்க ஏற்றம். எல்லாமே அந்தக் குமிழிகளுக்குச் சாதகம்.

இதைவிட மோசமானது, உடம்புக்குள் குமிழி பொங்கி நோய் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. முழங்கால் வலி, தோள் வலி, உள்ளங்கையில் ஊசி குத்துவது, அளவுக்கு மீறிய அசதி. படியேறியவர் எவருக்குத்தான் இவை வராது? "மலை ஏறின வலி, நாளைக்குச் சரியாயிடும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவீர்கள். அதற்குச் சிகிச்சை தூய ஆக்ஸிஜனும் அழுத்த அறையும். அவை கீழே கடற்கரையில் ஷர்ம் எல் ஷேக் பக்கம் இருக்கின்றன, மலை உச்சியில் டீக்கடைதான் இருக்கிறது. "சும்மா ஒரு முறை பன்னிரண்டு மீட்டர்தான்" என்று பழகிப்பார்ப்பதும் டைவ்தான். முகமூடியும் குழாயும் வைத்து மேலே மிதப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

வெள்ளியங்கிரி ஏறியவர்களாம்! வெள்ளியங்கிரிக்குப் போகுமுன் மூன்று நாள் கடலுக்கடியில் இருந்தீர்களா?

ஆகவே திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். கெய்ரோ, சூயஸ் சுரங்கப்பாதை, ஃபைரான் பேரீச்சந்தோப்பு வழியாக நேரே மடாலய ஊர். வழியில் சோதனைச் சாவடிகள் நிறைய, பாஸ்போர்ட் பெட்டிக்குள் போகக்கூடாது. அங்கே ஒரு இரவு தூக்கம், அடுத்த இரவு மலை. பிறகு கிழக்கே இறங்கினால் ஐன் குத்ரா பாலைவனச் சோலை, வெள்ளைப் பள்ளத்தாக்குப் பக்கம் உங்கள் இரண்டு இரவுக் கூடாரம். கடைசியில் தஹப். மலையில் பெய்யும் மழை அந்தப் பக்கம் கடலுக்கு ஓடும் திசையும் அதுதான், தஹப் ஊரே அப்படி வந்த வெள்ளம் கொட்டிய மண்மேல்தான் இருக்கிறது. அதனால் வாதியின், அதாவது வறண்ட ஆற்றுப்படுகையின், நடுமணலில் கூடாரம் போட விடாதீர்கள். நவம்பரில் எங்கோ பெய்த மழை இங்கே வெள்ளமாக வரும். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் வைத்தால் இரண்டு நாளுக்கு 120. இருபது லிட்டர் கேன் ஆறு, எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றக்கூடாது. ஊர் திரும்ப விமானம் ஏறும் முன் ஒரு முழு நாள் டைவ் வேண்டாம்.

இன்னொன்று. மடாலயம் வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் மூடியிருக்கும், மற்ற நாளிலும் காலை ஒன்பதிலிருந்து நண்பகல்வரைதான். வியாழன் இரவு ஏறி வெள்ளி காலை இறங்கினால் மதில்சுவரைப் பார்த்துவிட்டு வரலாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஏறும்போது ஒட்டகம். ஜபாலியா பெதூயின்கள் என்ற அந்தப் பக்கத்துப் பழங்குடியினர் மடாலயத்துக்குப் பின்னால் ஒட்டகத்தோடு காத்திருப்பார்கள். ஒட்டகம் பின்னங்காலைத்தான் முதலில் தூக்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் கவிழப் பார்ப்பார். அம்மாவைச் சேணத்தின் முன்கட்டையையும் பின்கட்டையையும் பிடித்துக்கொண்டு நன்றாகப் பின்னால் சாயச் சொல்லுங்கள். பாதையின் விளிம்பை ஒட்டியே அது நடக்கும், பயப்பட வேண்டாம். கடைசி 750 படிக்கு ஒட்டகம் வராது. அந்த இடத்தில் டீக்கடை உண்டு, கம்பளி வாடகைக்குக் கிடைக்கும். முடியவில்லையென்றால் அம்மா அங்கேயே இருக்கட்டும். கூடவே உங்களில் ஒருவர் இருக்க வேண்டும், யார் என்று கோவையிலேயே முடிவு செய்துவிடுங்கள். இறங்கும்போது வெளிச்சம் வந்திருக்கும், ஒட்டகப் பாதையிலேயே நடந்து வரலாம். துறவிகள் வெட்டிய 3,750 படிப் பக்கம் அவரைக் கூட்டிப்போகாதீர்கள், முழங்கால் தாங்காது. வாடகை ஏறுவதற்கு மட்டுமா, இறங்கவும் சேர்த்தா என்பதை ஒட்டகம் எழுந்திருக்கும் முன் பேசிவிடுங்கள்.