மாடியறை ஒலிப்பதிவு: ஒரு கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

எங்கள் வீடு காவேரிப்பட்டணத்தில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். மாடியில் 10-க்கு 10 அடி காங்கிரீட் அறை ஒன்று சும்மா கிடக்கிறது. அப்பா பம்பை வாசிப்பார், அக்கா மாரியம்மன் பாட்டு பாடுவார். இருவரையும் ஒழுங்காகப் பதிவு செய்து வைக்க ஆசை. லேப்டாப் இருக்கிறது, கையில் 40,000 ரூபாய். ஸ்டாண்டோடு வரும் கண்டென்சர் மைக் செட், 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, சுவரில் ஒட்டும் கறுப்பு ஃபோம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். நண்பனின் மைக்கை வைத்துப் பார்த்தபோது லாரிச் சத்தமும், விடாமல் ஓர் ஊங்காரமும் சேர்ந்து விழுந்தன. நல்ல மைக் வாங்கினால் இரண்டும் போய்விடுமா?

வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

போகாது. மைக் நல்லதாக ஆக லாரி இன்னும் தெளிவாகக் கேட்கும். அதனால் மைக்குக்கு முன்னால் லாரியைப் பார்ப்போம்.

அந்தச் சத்தம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, தரை அதிர்ந்து ஸ்டாண்ட் வழியாக ஏறுவது. ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் அடியில் பழைய மெத்தைத் துண்டைப் போட்டாலே இது பெருமளவு அடங்கும். இன்னொன்று ஜன்னல் இடுக்கு. சட்டத்தைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டி, 18 மி.மீ. பிளைவுட்டை அளவாக வெட்டி, பதிவு நேரத்தில் மட்டும் அழுத்தி மாட்டும்படி கொக்கி போடுங்கள். வெளிச்சத்தத்தைத் தடுப்பது கனமும் இடுக்கில்லாத அடைப்பும்தான். ஃபோமுக்குக் கனமே கிடையாது. சுவர் முழுக்க ஒட்டினாலும் லாரி உள்ளே வரும். முட்டை அட்டைக்கும் இதே கதைதான், கூடவே தீப்பிடிக்கும் அபாயம் வேறு.

ஃபோம் குறைப்பது அறைக்குள் எழும் எதிரொலியை. அதிலும் ஓரங்குல ஃபோம் மேல்சுருதியை மட்டும் உறிஞ்சும். கீழ்ச்சுருதி அப்படியே நிற்க, குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மூடிக்கொள்ளும். ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகை வாங்குங்கள்: கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 2 அங்குலத் தடிமன். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 4 அங்குலமாக்கி, ரீப்பர் கட்டையில் சட்டம் அடித்து, காடாத் துணியால் இறுக்கிப் போர்த்துங்கள். சுவரோடு ஒட்டாமல் 2 அங்குலம் விட்டு மாட்டினால் கீழ்ச்சுருதியையும் கொஞ்சம் பிடிக்கும். வெட்டும்போது முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். இழை தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும்.

ஆறு சட்டங்கள் போதும். முதல் இரண்டை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் மாட்டுவார்கள். மைக் பார்ப்பது பாடுபவரை. அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பி வருவதுதான் மைக்கில் நேராக விழும். எனவே அக்காவின் முதுகுப் பக்கம் இரண்டு, இரு பக்கச் சுவரிலும் ஒவ்வொன்று, தலைக்கு மேலே கூரையில் இரண்டு. மாட்டியபின் நடு அறையில் கைதட்டிப் பாருங்கள். தட்டியதும் பின்தொடரும் அந்த 'டிர்ர்' அற்றுப்போயிருக்க வேண்டும்.

இனி மைக். பட்டியலில் உள்ள கண்டென்சர் வேண்டாம். உங்கள் அறைக்கு டைனமிக் (காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட) மைக்தான்: ஷூர் எஸ்எம்58 அல்லது எஸ்எம்57. டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை எடுக்காது என்று சொல்வது பாதி உண்மை. அதை வாய்க்கு நெருக்கமாக வைத்துப் பாடுவதுதான் காரணம். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபெல் ஏறும். லாரி அதே அளவில்தான் நிற்கும். நான்கு விரற்கடை தூரம், நடுவில் பாப் ஃபில்டர் ('ப' போன்ற எழுத்தில் வரும் காற்றடியைத் தடுக்கும் வலை), மைக் நேர் வாய்க்கு இல்லாமல் சற்றே சாய்ந்து. ரொம்ப ஒட்டினால் அடிக்குரல் வீங்கிக் கேட்கும். இந்த இரண்டு மாடலிலும் போலிகள் ஏராளம். பில்லோடு, அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள்.

டைனமிக் மைக்கின் சிக்னல் மெலிது. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) 55 டெசிபெல்லுக்குக் குறைந்தால் திருகி ஏற்றும்போது 'உஸ்' என்ற இரைச்சல் வரும். பெட்டியில் '2 இன்புட்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். பலவற்றில் மைக் குத்தும் எக்ஸ்எல்ஆர் துளை ஒன்றுதான் இருக்கும், மற்றது கிட்டாருக்கு. இப்போது ஒரு மைக்தான் என்றாலும், பின்னால் இன்னொன்று சேர்க்க மைக் துளை இரண்டு இருக்கட்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்றது பொருந்தும்.

அந்த ஊங்காரம் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அதுவரை பேட்டரியில் பதிவு செய்யுங்கள். நிற்காவிட்டால் கேபிளை இரு முனையிலும் ஆட்டிப் பாருங்கள். எக்ஸ்எல்ஆரின் முதல் முள்ளில் ஷீல்டின் ஈயப்பற்று விட்டிருந்தாலும் இப்படித்தான் கேட்கும். சத்தத்தை நிறுத்த எர்த் முள்ளைச் சிலர் வெட்டிவிடுகிறார்கள். மைக்கைப் பிடித்துப் பாடுபவர் உயிரோடு விளையாடும் வேலை அது, செய்யாதீர்கள்.

ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். நீளமும் அகலமும் ஒன்றான 10 அடி அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு திசையிலும் ஒரே அதிர்வு கூடி நிற்கும். நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்து பம்பையின் அடிச்சத்தம் பெருத்தோ காணாமலோ போகும். அதை நம்பி மிக்ஸ் செய்தால் (பதிவுகளை அளவு பார்த்துச் சேர்த்தால்) வெளியே வேறு மாதிரி ஒலிக்கும். காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று பதிவுக்கும் மிக்ஸிங்குக்கும் ஆகும்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள்: இன்டர்ஃபேஸ் 15,000-க்குள், மைக் 10,000-க்குள், ஹெட்ஃபோன் 5,000, ஸ்டாண்ட், கேபிள், பாப் ஃபில்டர் 3,000, அறைக்கு 7,000. ரீப்பர் (Reaper) என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கான சலுகை உரிமம் 60 டாலர், பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பதிவின்போது பஃபர் (லேப்டாப் ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு) 128, மிக்ஸிங்கில் 1024.

இருவரையும் சேர்த்துப் பதிவு செய்யாதீர்கள். அந்தச் சின்ன அறையில் பம்பை குரல் மைக்கில் முழுக்க ஏறிவிடும், பிறகு பிரிக்க வழியில்லை. அப்பாவை முதலில் எடுங்கள். மைக் பம்பையிலிருந்து இரண்டு முழம் தள்ளி, இரட்டை முழவுக்கும் நடு உயரத்தில் இருக்கட்டும். ஒரு தோலுக்கு மட்டும் நெருங்கினால் அந்தச் சத்தம்தான் விழும். உச்ச வேகத்தில் ஒரு சுற்று வாசிக்கச் சொல்லி, மென்பொருளின் மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி கெயினை வையுங்கள். சோதனைக்கு மெதுவாக வாசித்துவிட்டு, பதிவில் உருவேறும்போது மீட்டர் சிவப்பைத் தொடுவது எப்போதும் நடக்கும். பிறகு அக்கா அந்தப் பம்பைப் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டபடி பாடட்டும். அவர் குரலுக்கு 100 ஹெர்ட்ஸில் லோ-கட் (அதற்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டும் வடிகட்டி) போடலாம், பம்பைக்குப் போடக்கூடாது.