செலொப்பியாத்தின் மகள்களும் பங்காளி வீட்டுப் பிள்ளைகளும்

கேள்வி: தேவகோட்டையில் எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். சாராள், ரூத், எஸ்தர், மரியாள் என்று ஆண்டுதோறும் அதே பாடங்கள். அதிகம் பேசப்படாத பெண்களைச் சொல்லித்தர ஆசை. ஆனால் அவர்களைப் பற்றிச் சில வசனங்களே இருப்பதால், மீதியைக் கற்பனையாகச் சேர்க்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, சேர்க்க வேண்டாம். அந்தச் சில வசனங்களை நிறுத்தி வாசித்தாலே ஒரு மணி நேர வகுப்புக்குப் போதுமான செய்தி கிடைக்கும்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் தொடங்குவதே பொருத்தம் என்பேன். செலொப்பியாத் என்பவரின் மகள்களான மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐந்து சகோதரிகள், மோசேயும் ஆசாரியனாகிய எலெயாசாரும் பிரபுக்களும் சபையாரும் கூடியிருந்த இடத்தில் வந்து நின்று, ஆண்பிள்ளை இல்லை என்பதற்காகத் தங்கள் தகப்பனின் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும், தகப்பனுடைய சகோதரர்களுக்குள்ளே எங்களுக்கும் காணி கொடுங்கள் என்று கேட்டார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் அதைக் கர்த்தரிடம் கொண்டுபோனார். அவர்கள் கேட்பது நியாயம் என்று பதில் வந்தது. பங்காளி, பங்கு, பாகப்பிரிவினை என்ற பேச்சைக் காதில் வாங்கியே வளரும் செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வழக்கை விளக்கவே வேண்டியதில்லை.

36ஆம் அதிகாரத்தையும் மறைக்காதீர்கள். நிலம் வேறு கோத்திரத்துக்குப் போய்விடும் என்று உறவினர்கள் முறையிட, அந்தப் பெண்கள் சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணம் செய்ய வேண்டும் என்று கட்டளையாகிறது. சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காகச் சொந்தத்தில் பெண் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்திலும் உண்டல்லவா? 'அண்ணன் தம்பி இருந்திருந்தால் இவர்களுக்குப் பங்கு கிடைத்திருக்குமா?' என்று ஒரு பெண்பிள்ளை கேட்டால், அந்தச் சட்டப்படி கிடைத்திருக்காது என்று நேராகவே சொல்லுங்கள். இன்று கிறிஸ்தவர்களான நமக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாதபோது, மகனுக்கும் மகளுக்கும் சமபங்கே தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். (பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும், சுளிக்கட்டும்.)

சிறுவர்களுக்கு ரோதை என்ற வேலைக்காரப் பெண்ணை விடப் பொருத்தமானவர் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில், சிறையிலிருந்து விடுபட்ட பேதுரு இரவில் வந்து கதவைத் தட்டுகிறார்; குரலை அறிந்துகொண்ட ரோதை, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே, உள்ளே கூடி ஜெபித்துக்கொண்டிருந்த பெரியவர்களிடம் ஓடி அறிவிக்கிறாள்; யாருக்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்களோ அவரே வந்து நிற்கிறார் என்றபோது, அந்தப் பெரியவர்கள் அவள் பிதற்றுவதாகச் சொல்கிறார்கள். பழைய வீடு ஒன்றில் வகுப்பு நடத்த முடிந்தால் ஒரு பிள்ளையை முகப்பில் நிறுத்திவிட்டு, மற்றவர்களை வீட்டின் இரண்டாம் கட்டுக்குள்ளே உட்காரவைத்து நடிக்கச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் ஓடிவந்து சொல்லியும் நம்பாதபோது எப்படி இருக்கும் என்று ரோதையாக நடித்த பிள்ளையே சொல்லட்டும்.

பார்வோனின் கட்டளையை மீறிய மருத்துவச்சிகள் சிப்பிராள், பூவாள்; எருசலேமின் அலங்கத்தை (மதிலை)ப் பழுதுபார்த்த சல்லூமின் மகள்கள் (நெகேமியா 3:12); நியாயப்பிரமாண புஸ்தகம் அகப்பட்டதும் யோசியா ராஜா ஆளனுப்பி விசாரித்த தீர்க்கதரிசி உல்தாள் ஆகியோர் அடுத்த வாரங்களுக்கு ஆவார்கள். கொல்லப்பட்ட மகன்களின் உடல்களைக் காவல்காத்த ரிஸ்பாளின் துயரத்தைப் பதின்வயது வகுப்புக்கு விட்டுவிடுங்கள். இவற்றைப் பெண்பிள்ளைகளுக்கான பாடமென்று தனியே ஒதுக்காமல், பையன்களையும் சேர்த்து உட்காரவைத்தே நடத்துங்கள். செலொப்பியாத்தின் மகள்களுடைய வழக்கில் சித்தப்பா, பெரியப்பா தரப்பைப் பேசவும் ஆள் வேண்டுமே.