புகையிலைப் பூ வாசம் ஏன் பாயசமாகிறது?

கேள்வி: டாம் ஃபோர்டின் 'டொபாக்கோ வனில்' சென்ட் வாங்கினேன். கடையில் காகிதப் பட்டையில் அடித்துக் காட்டியபோது காரமாக, புகையிலையாக மணத்தது. கையில் அடித்து ஒரு மணி நேரம் போனால் வெனிலா பாயசம்தான். என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: நீங்கள் சொல்கிற மாற்றத்தை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. 2007-இல் வந்த இந்த சென்ட் நடப்பதே அப்படித்தான். முதலில் மூக்கில் ஏறுவது மசாலாக் காரம். உடம்புச் சூட்டில் அது சீக்கிரம் பறந்துவிடும். பிறகுதான் நடுப்பகுதி வரும்: புகையிலைப் பூ, டோங்கா விதை, வெனிலா, கோகோ. டோங்காவில் கூமரின் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. அதன் வாசம் காய்ந்த வைக்கோல் மாதிரி. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின் கனமானது, மெதுவாக ஆவியாகும். அதனால் கடைசிவரை தோலில் தங்குவது இனிப்புதான். காகிதத்துக்குச் சூடு கிடையாது. அதில் காரம் நெடுநேரம் நின்றதற்கு அதுவே காரணம்.

இன்னொன்று, புகையிலைப் பூ என்றதும் வெற்றிலைக்கடை நெடியை எதிர்பார்க்காதீர்கள். அந்த நெடி பதப்படுத்திய இலையுடையது. அந்திக்கு மலரும் புகையிலை இனங்களின் பூ, விட்டில்களை அழைக்க மல்லிகை போல இனிமையாக மணக்கும். பாட்டிலில் இருப்பதும் பெரும்பாலும் பூவிலிருந்து எடுத்தது அல்ல, அந்த மணத்துக்கு நெருக்கமாகக் கலந்து செய்தது.

நான் பயப்படுவது வேறு இடத்தில். "டெஸ்டர் பாட்டில் சார், பாதி விலை" என்று, கடையில் மணம் காட்ட வைத்த பாட்டிலாகச் சொல்லி வாட்ஸ்அப்பில் விற்கிறவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். அடிப்பக்கத்து பேட்ச் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது என்பார்கள். அசல் பாட்டிலின் எண்ணை அப்படியே அச்சடிக்க எவ்வளவு நேரமாகும்? அதைவிட, பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள், ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கிறவரிடம் பேச்சே வேண்டாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. துபாயிலிருந்து மாமா வாங்கி வந்த பாட்டிலில் இறக்குமதி ஸ்டிக்கர் இருக்காது. சிங்கப்பூர் விமான நிலையத்தில் வாங்கியதிலும் இருக்காது. ஸ்டிக்கர் இல்லையே என்று அவரைச் சந்தேகிக்காதீர்கள், அங்கே வாங்கிய ரசீது போதும். ஆனால் அதே "துபாய் மாமா" கதையை முன்பின் தெரியாத ஒருவர் சொல்லி விற்றால், ரசீது இல்லாமல் நம்பாதீர்கள். திரவம் பழுப்பாக இருக்கிறதே என்றும் பதற வேண்டாம், வெனிலின் நாளாக ஆக நிறம் கூடும்.

எனக்கு ஆறாத கோபம் கடைகள் மேல்தான். இவ்வளவு விலை வைத்த பொருளுக்குக் காகிதத்தைக் காட்டி இரண்டு நிமிடத்தில் பில் போடுகிறார்கள். மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, மூன்று மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாடிக்கையாளர் கூச வேண்டியிருக்கிறது. கூசாதீர்கள்.

இப்போது கையில் இருக்கும் பாட்டிலுக்கு ஒரு வழி: தோலில் அடிக்காமல் சட்டையில் அடித்துப் பாருங்கள். துணியில் சூடு குறைவு, காரம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம், கறை விழும்.