மலைத் தொழிலாளர் கேள்விகள்: போனும் உங்கள் கையில், கணக்கும் உங்கள் கையில்

கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். வயது 48. பி.எஃப். இருப்பைப் பார்க்கக்கூட மகனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக முடியும் அம்மா. பி.எஃப்.பிலேயே தொடங்குங்கள், அது நீங்கள் உழைத்த காசு. யு.ஏ.என். என்ற உங்கள் 12 இலக்க பி.எஃப். எண்ணை எஸ்டேட் ஆபீசில் கேட்டு எழுதி வாங்குங்கள். அதில் உங்கள் மொபைல் எண்ணும் ஆதாரும் சேர்ந்திருந்தால், அந்த மொபைலிலிருந்து 99660 44425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். இரண்டு ரிங்கில் தானே கட் ஆகி, கடைசியாகக் கட்டிய தொகையும் இருப்பும் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். பட்டன் போனிலும் நடக்கும். நெட் வேண்டாம், அதனால் சிக்னல் திண்டாடும் லயன் வீடுகளுக்கு இது நல்ல வழி.

அது கைவந்த பிறகு உமாங் என்ற அரசு ஆப்பில் பி.எஃப். பாஸ்புக் பாருங்கள். மாதாமாதம் உங்கள் பங்கும் நிர்வாகத்தின் பங்கும் தனித்தனியாகத் தெரியும். ஒரு மாதம் விட்டுப்போயிருந்தால் உடனே போய்க் கேட்கலாம். மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும், ஆனால் பட்டனை நீங்கள்தான் அழுத்த வேண்டும். அவரே வாங்கி முடித்துக் கொடுத்தால் அடுத்த மாதமும் அவரைத்தான் தேடுவீர்கள்.

கொடைக்கானலில் டாக்சி ஓட்டுகிறேன். “அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்” என்கிறார் ஒருவர். போடலாமா?

கூடவே கூடாது. பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள், அப்புறம் வங்கிக்குச் சொல்லுங்கள்.

கூடலூரில் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஏ.ஐ. கோர்ஸுக்கு முப்பதாயிரம் கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சேர்க்கலாமா?

கடன் வாங்காதீர்கள். ஏ.ஐ. வந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான், ஊட்டியில் பிலிம் செய்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை டிஜிட்டல் கேமரா வந்தபின் நொடித்து மூடப்பட்டது நீலகிரிக்கே தெரியும். ஆனால் அந்தப் பயத்தைக் காட்டித்தான் கோர்ஸும் விற்கிறார்கள். அரசு ஐ.டி.ஐ.யில் கோபா என்ற ஓராண்டு கணினிப் பிரிவுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கல்லூரியில் சேர்ந்தால் 2022-இல் வந்த தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் இலவசப் பயிற்சி உண்டு.

அதுவரை வீட்டிலேயே எக்செல் பழகட்டும். உங்கள் பசுந்தேயிலைக் கணக்கை எடுத்துக் கொடுங்கள்: தேதி, எடை, ஈரத்துக்குக் கழித்தது, கிலோ விலை, கைக்கு வந்தது. மூன்று மாதம் போட்டால் கழிவு எந்த மாதம் கூடியது என்று அவளே சொல்லிவிடுவாள். இன்றைக்கு ஆபீஸ் வேலைக்கு எடுப்பவர்கள் கேட்பதும் இந்தத் திறமையைத்தான்.

ஹோம்ஸ்டேயில் வேலை, பி.எஃப். இல்லை. இ-ஷ்ரம் பதிவு செய்யலாமா?

செய்யலாம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் பதிவு அது. 16 முதல் 59 வயது வரை, வருமான வரி கட்டாதவர்களுக்கு. போனிலேயே செய்தால் கட்டணம் இல்லை. சந்தேகம் வந்தால் அதன் உதவி எண் 14434-ஐ அழையுங்கள்.