பேட்மேனுக்குப் பறக்கத் தெரியாது: வாசகர் கேள்வி-பதில்

பிள்ளைகள் பார்க்கும் சூப்பர்ஹீரோ படங்களைப் பற்றிப் போன முறை இரண்டு வரி எழுதியதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக் கேள்விகள் பிள்ளைகளைப் பற்றியவையே அல்ல.

என் மகனுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் கறுப்புத் துவாயைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ‘நான் பேட்மேன்’ என்கிறான். வீட்டுப்பாடத்தைக்கூட பேட்மேனாகத்தான் செய்வானாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இது பிறகு மனநோயாகுமா?
– தாய், வெள்ளவத்தை

ஆகாது. அந்த வயதில் பாவனை விளையாட்டே இல்லாத பிள்ளையைப் பற்றித்தான் நான் கூடுதலாக விசாரிப்பேன்.

வீட்டுப்பாடத்தை பேட்மேனாகச் செய்வதைத் தடுக்கவும் வேண்டாம். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நான்கு வயதும் ஆறு வயதுமான 180 பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் ஒரு கணினி வேலையைப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். ஆசைகாட்டப் பக்கத்தில் ஓர் ஐபேட் விளையாட்டு. சில பிள்ளைகள் ‘நான் கடுமையாக வேலை செய்கிறேனா?’ என்று தங்களையே கேட்க வேண்டும். சிலர் தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு பேட்மேன் போல ஒரு வேடம் போட்டுவிட்டு, ‘பேட்மேன் கடுமையாக வேலை செய்கிறானா?’ என்று கேட்கச் சொன்னார்கள். கூடிய நேரம் வேலையில் நின்றவர்கள் வேடம் போட்டவர்கள்தான். ‘எனக்கு அலுக்குது’ என்ற நினைப்பிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்க உங்கள் மகனுக்கு அந்தத் துவாய் உதவுகிறது என்று நினைக்கிறேன். இதை வாசித்துவிட்டு யாரும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் துவாய் வாங்கப் புறப்பட வேண்டாம். அது பத்து நிமிட ஆய்வு.

ஒன்றில் மட்டும் கவனம். நீங்கள் இருப்பது தொடர்மாடி என்றால் பல்கனிக் கதவைப் பூட்டி வையுங்கள். அவனிடம் பயமுறுத்தாமல் ஓர் உண்மையையும் சொல்லலாம்: பேட்மேனுக்குப் பறக்கத் தெரியாது. 1939இல் வந்த நாளிலிருந்து அவனுடைய பலம் பயிற்சியும் கயிறும் கருவிகளும்தான். அம்மா சொல்வதை விட்டாலும் பேட்மேனின் சட்டத்தை விடமாட்டான்.

நான் உயர்தரம் படிக்கிறேன். கோபம் வந்தால் சுவரில் குத்துவேன், கை வீங்கும். வகுப்பில் ‘ஹல்க்’ என்கிறார்கள். முதலில் பெருமையாக இருந்தது. இப்போது இல்லை.
– மாணவன், கொட்டாஞ்சேனை

தம்பி, முதலில் அந்தக் கையை ஒரு டொக்டரிடம் காட்டுங்கள்.

ஹல்க் 1962இல் வந்தபோது சாம்பல் நிறம். அச்சில் அந்த நிறம் சீராக விழவில்லை என்று அடுத்த இதழிலேயே பச்சையாக்கினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1985இல் வந்த ஒரு கதை. கோபம் வந்தால் ஹல்க்காக மாறும் புரூஸ் பேனர் வளர்ந்தது தகப்பன் அடிக்கிற வீட்டில் என்று அதில் காட்டினார்கள். காமாக் குண்டின் கதிர் பட்டதால் வந்தது என்று அதுவரை வாசகர்கள் நினைத்திருந்த கோபம், குண்டு வெடிப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அந்தப் பிள்ளைக்குள் இருந்திருக்கிறது.

உங்கள் வீடும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. குத்துவதற்கு முந்திய அரை நிமிடத்தில் என்ன இருந்தது என்றுதான் கேட்கிறேன். பயமா, வெட்கமா? இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள்: என்ன நேரம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், முதல்நாள் இரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை. உயர்தர மாணவர்களின் கொப்பிகளில் அந்தக் கடைசி வரியை நான் முதலில் பார்ப்பேன். பேனரைப் போல ஆளில்லாத இடம் தேடி ஓட வேண்டாம். பாடசாலை உளவளத்துணை ஆசிரியரிடம் கொப்பியோடு போங்கள். வீட்டில் யாராவது அடிப்பதுதான் காரணம் என்றால் சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழைக்கலாம்.

மூன் நைட் தொடர் பார்த்தேன், நாயகனுக்குள் பல ஆளுமைகள். நானும் கண்ணாடியைப் பார்த்து என்னோடு கதைக்கிறவன். எனக்கும் பல ஆளுமையா?
– பம்பலப்பிட்டி

கண்ணாடியோடு கதைக்காதவர் யார்? அந்த நோய் பெரும்பாலும் சிறுவயதில் திரும்பத் திரும்ப அனுபவித்த கொடுமையோடு சம்பந்தப்பட்டது. நேரம் காணாமல் போகும், தான் செய்தது தனக்கே நினைவிருக்காது. உங்களுக்கோ கதைத்தது எல்லாம் நினைவிருக்கிறது. விடுங்கள்.

அப்பா மாரடைப்பில் போன இரவு எனக்கு அழைப்பு எடுத்திருந்தார். களைப்பில், காலையில் கதைப்போம் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடமாகிறது. தம்பி ஸ்பைடர்மேன் படம் போட்டால், மாமா சாகும் இடத்தில் எழுந்து போய்விடுவேன்.
– வங்கி ஊழியர், தெஹிவளை

அந்தக் கதையையே கொஞ்சம் பார்ப்போம். ஸ்பைடர்மேனான பீட்டர் ஒரு கள்ளனைப் பிடிக்காமல் ஓட விடுகிறான். பிறகு அதே கள்ளன்தான் பென் மாமாவைக் கொல்கிறான். ஆனால் பீட்டருக்கு முன்னால் ஓடியபோது அவன் வெறும் கள்ளன். கொலைகாரன் என்று அவன் நெற்றியில் எழுதியிருக்கவில்லை. அன்றிரவு உங்கள் கைத்தொலைபேசியில் வந்ததும் அப்பாவின் வழக்கமான அழைப்புத்தான். ‘கடைசி அழைப்பு’ என்ற பெயரை அதற்கு விடிந்த பிறகு வைத்தது நீங்கள்.

சிகிச்சையில் நாங்கள் செய்விக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரு வட்டம் கீறுங்கள். அப்பாவின் மரணத்துக்குக் காரணமான எல்லாவற்றுக்கும் அதில் பங்கு பிரியுங்கள்: அவருடைய இதயம், பல வருடப் பழக்கங்கள், பரம்பரை, மருத்துவ உதவி வந்து சேர எடுத்த நேரம். உங்கள் பங்கைக் கடைசியாக வெட்டுங்கள். முதலில் வெட்டினால் முழு வட்டத்தையும் நீங்களே எடுத்துக்கொள்வீர்கள், பார்த்திருக்கிறேன். மிஞ்சுவது பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

இன்னொன்று. பீட்டரின் குற்ற உணர்வு தீர்ந்தால் கதை நின்றுவிடும், அதனால் அறுபது வருடத்துக்கு மேலாக அதைத் தீரவிடாமல் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அந்த அழைப்பைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறீர்களா? இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. நித்திரையும் சாப்பாடும் கெட்டிருந்தால், வாழ்ந்தென்ன என்று தோன்றினால், எந்த நேரமும் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

தம்பி அங்கொடை மனநல வைத்தியசாலையில் ஆறு வாரம் இருந்துவிட்டு வந்திருக்கிறான். ஒழுங்கைப் பிள்ளைகள் ‘ஜோக்கர்’ என்கிறார்கள். அம்மாவே கத்தியை ஒளித்து வைக்கிறா.
– வத்தளை

பேட்மேன் கதைகளில் ஜோக்கரை அடைக்கும் ஆர்க்கம் என்ற மனநோய் விடுதி 1974இல் சேர்க்கப்பட்டது. லவ்கிராஃப்ட் என்ற திகில் எழுத்தாளரின் கற்பனை ஊரின் பெயர் அது. அங்கே அடைக்கப்படுகிறவர்கள் தப்பி வந்து கொலை செய்வார்கள், திரும்ப அடைக்கப்படுவார்கள். குணமாகி வீட்டுக்குப் போனவரைக் காண்பது அரிது. அங்கொடையில் மருந்து கொடுக்கிறார்கள், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த ஊர்ப் பெயரை வசைச்சொல்லாக்க எங்களுக்கு ஜோக்கர் தேவைப்படவில்லை, நாங்களே செய்துகொண்டோம்.

மனநோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. மற்றவர்களிடம் அடிவாங்கும் ஆபத்துத்தான் அவர்களுக்குக் கூடுதல். நோய் கூடியிருந்த நாட்களில் தம்பி யாரையாவது மிரட்டியிருந்தால் அது வேறு கதை. திரும்ப வருவதற்கான முதல் அறிகுறிகள் என்னவென்று கிளினிக்கில் கேட்டு வையுங்கள், மருந்தை நிறுத்த விடாதீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால் அம்மாவிடம் சொல்லி, அந்தக் கத்தியை எடுத்து அவனிடமே கொடுத்து மரக்கறி வெட்டச் சொல்லுங்கள். அது ஒளித்து வைக்கப்பட்டது அவனுக்கு நிச்சயம் தெரியும்.

நாங்கள் சின்ன வயதில் முத்து காமிக்ஸ் வாசித்தோம். ட்ரோமா என்கிற மனக்காயமும் இல்லை, ஒன்றுமில்லை. இப்போதைய சூப்பர்ஹீரோக்கள்தானே பேரப்பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜிந்துப்பிட்டி

ஐயா, இந்தக் குற்றச்சாட்டு உங்கள் முத்து காமிக்ஸைவிட வயதில் மூத்தது. காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று 1954இல் அமெரிக்காவில் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் ஒரு புத்தகமே எழுதினார். செனட் சபை விசாரித்தது, பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை வைத்துக்கொண்டார்கள். பிறகு அவருடைய குறிப்புகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர் கரோல் டில்லி, பிள்ளைகள் சொன்னவற்றை அவர் தன் வசதிக்கு மாற்றியிருந்ததை 2012இல் எடுத்துக் காட்டினார்.

அப்புறம், 1972இல் வந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. விபத்தில் கையை இழந்து, மின்சாரம் பாய்ந்து உடல் மறைந்து, ஆங்கில மூலத்தின் தொடக்கத்தில் குற்றவாளியாகவே அலைந்த ஒருவன். உங்களிடம் ட்ரோமா என்ற சொல்தான் இருக்கவில்லை. பழைய பிரதி கையில் இருந்தால் பேரனிடம் கொடுத்து, எந்தப் படத்தில் நின்று பார்க்கிறான் என்று கவனியுங்கள். ஏன் என்று கேட்பதற்கு முதல், அந்த வயதில் நீங்கள் எந்தப் படத்தில் நின்றீர்கள் என்று அவனுக்குச் சொல்லுங்கள்.