பழைய மார்ட்டினைப் பழையபடி ஆக்கி விற்க வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். என்னிடம் 1973-இல் செய்த மார்ட்டின் டி-28 கிட்டார் இருக்கிறது, இருபது வருடமாக வாசிக்கிறேன். நெக் ரீசெட் (கழுத்தைக் கழற்றிக் கோணத்தைச் சரிசெய்வது) செய்தாயிற்று, ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் சேடில் பட்டையின் பள்ளத்தை அடைத்துப் புதிதாக வெட்டியிருக்கிறது, ஸ்ட்ரிங்கை முறுக்கும் ட்யூனர்கள் புதியவை, ஒலிபெருக்கியோடு இணைக்கும் பிக்கப் வைப்பதற்காக அடிப்பக்கத் துளையையும் பெரிதாக்கினோம். இப்போது வலது தோள் வலி, இவ்வளவு பெரிய கிட்டாரை அணைத்து வாசிக்க முடியவில்லை. விற்கலாம் என்று ஒரு கடைக்கு எடுத்துப்போனால், "இவ்வளவு கைவைத்த கிட்டாரைச் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள்" என்று அடிமாட்டு விலை கேட்டார்கள். பழைய ட்யூனர்களை மாட்டி, துளையை அடைத்து, ஒரிஜினல் போல ஆக்கி விற்கட்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். அப்படியே விற்றுவிடுங்கள்.

கடைக்காரர் சொன்னது சேகரிப்பவரின் கணக்கு. அது பொய்யில்லை, ஆனால் உங்கள் கிட்டாரை வாங்கப்போகிறவர் சேகரிப்பவர் இல்லையே, வாசிக்கிறவர். 1973 மார்ட்டினின் நெக்குக்குள் இருப்பது ஒரு சதுர இரும்புக் குழாய், திருகி நிமிர்த்தும் கம்பி அதில் கிடையாது, 1985-இல்தான் அது வந்தது. ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் நெக்கின் கோணம் மாறி, ஸ்ட்ரிங் உயர்ந்து, விரல் அழுத்த முடியாமல் போகும். அப்போது நெக் உடலோடு சேரும் இணைப்பை நீராவியால் இளக்கிக் கழற்றி, அடியைச் சீவி மறுபடி பொருத்துவதுதான் வழி. உங்கள் கிட்டாருக்கு அந்த வேலை முடிந்துவிட்டது. வாசிக்கிறவருக்கு அது பல நூறு டாலர் மிச்சம். சேடிலும் அப்படித்தான். எழுபதுகளின் மார்ட்டின்கள் பலவற்றில் அது சற்று இடம் தவறியே இருந்தது, மேல் ஃப்ரெட்டுகளுக்கு (விரல்பலகையின் உலோக மெட்டுகளுக்கு) போகப் போகச் சுருதி விலகும். நீங்கள் செய்தது கம்பெனி விட்ட பிழையைத் திருத்தும் வேலை.

விலையை உண்மையிலேயே அடிப்பது வேறு. வார்னிஷைச் சுரண்டி முழுசாகப் புதுப் பூச்சு அடித்திருந்தால் விலை பாதியாகும் என்பது இந்த வியாபாரத்தில் எல்லோரும் சொல்லும் கணக்கு. உங்கள் கடிதத்தில் அது இல்லை, நல்லது.

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் ஒயிட் வாசித்த 1935 டி-28-ஐ நினைத்துப் பாருங்கள். ஒலித்துளையை யாரோ பெரிதாக வெட்டியிருந்தார்கள், விரல்பலகையும் ஒரிஜினல் இல்லை. ஒயிட் 1973-இல் இறந்தபின் டோனி ரைஸ் என்ற இன்னொரு கிட்டார் கலைஞர் அதைத் தேடிப்பிடித்து, 1975-இல் 550 டாலருக்கு வாங்கி, பல பத்தாண்டுகள் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை மேடைகளில் வாசித்தார். இன்று சாண்டா குரூஸ் கம்பெனி டோனி ரைஸ் பெயரிலேயே, அந்தப் பெரிய துளையோடு, புதுக் கிட்டார் செய்கிறது. எல்லாக் கிட்டாருக்கும் இந்த யோகம் வராது, சரி, ஆனால் கைவைத்த கிட்டார் என்றாலே மட்டம் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

துளையை அடைப்பது பற்றி எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. ஒரு கடையில் "எல்லாமே ஒரிஜினல்" என்று நம்பி வாங்கிய கிட்டாரில், இரண்டு மாதம் கழித்து, பக்கவாட்டில் அடைத்துச் சாயம் பூசிய பழைய துளை ஒன்றைக் கண்டுபிடித்தேன். சத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தும் அதை எடுக்கும்போதெல்லாம் கண் முதலில் அந்த இடத்துக்குத்தான் போனது, கடைசிவரை மனசு ஒட்டவே இல்லை. உங்கள் கிட்டாரை வாங்குகிறவருக்கு இது நேரக்கூடாது.

அதனால் விளம்பரத்தில் முதல் வரியிலேயே "வாசிப்பவருக்கான கிட்டார்" என்று எழுதி, செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த ஸ்ட்ரிங் எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது, பிரிட்ஜுக்கு (சேடில் உட்காரும் மரக்கட்டைக்கு) மேல் சேடில் எவ்வளவு தெரிகிறது, இந்த இரண்டையும் அளந்து போடுங்கள், விஷயம் தெரிந்தவர் முதலில் கேட்பது அதுதான். உள்ளே சின்னக் கண்ணாடி விட்டு பிரிட்ஜின் அடிப்பலகையையும் படம் எடுங்கள். பழைய ட்யூனர்களை ஒரு பையில் போட்டுக் கூடவே கொடுத்துவிடுங்கள், மாட்டுவதா வேண்டாமா என்பது வாங்குகிறவர் விருப்பம்.

அப்புறம், மரம். 1969 வாக்கில் மார்ட்டின் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு வந்தது. உங்கள் கிட்டாரின் முதுகு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அந்த ஜாதி. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்ததால், வெளிநாட்டுக்காரர் வாங்கினாலும் இந்த மரத்துக்காக சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) அனுமதிச் சீட்டு தேவையில்லை. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு கிடையாது.

ஆனால் முடிந்தவரை நேரில் வருகிறவருக்கே கொடுங்கள். முந்தின நாள் புது ஸ்ட்ரிங் மாட்டி வையுங்கள், வருகிறவரை ஒரு மணி நேரம் தனியாக வாசிக்க விடுங்கள், அதற்கப்புறம் விலை பேசுங்கள்.