மிஸ்டு கால் பழக்கத்தை மீமியலால் விளக்க முடியுமா?

மிஸ்டு கால் பரவியதை மீமியலைக் கொண்டு, அதாவது பழக்கங்களும் கருத்துகளும் ஆளுக்கு ஆள் நகலாகிப் பரவுகின்றன என்ற கோட்பாட்டைக் கொண்டு எழுதிய உங்கள் கட்டுரையை, 'இது வெறும் உவமை' என்று ஆய்வு வழிகாட்டி திருப்பிவிட்டதாகச் சொல்கிறீர்கள். அவர் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டுரையைத் தூக்கிப் போட வேண்டாம்.

1976-இல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் சொன்னபடி மீம் என்பது ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுக்கும் பழக்கமோ கருத்தோ. மிஸ்டு காலில் அந்தப் படியெடுப்பு அப்படியே நடக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ரிங் என்றால் 'பஸ் ஏறிட்டேன்', இரண்டு என்றால் 'வாசலுக்கு வா'. பக்கத்து வீட்டில் ஒரு ரிங்குக்கே 'நீ கூப்பிடு' என்று அர்த்தம். ஆக, பரவியது குறியீடு அல்ல, 'எடுக்காத அழைப்புக்குக் காசில்லை' என்ற புரிதல். குறியீட்டை அவரவர் வீட்டில் புதிதாகச் செய்துகொண்டார்கள். மானுடவியலாளர் டான் ஸ்பெர்பர் மீமியல்மீது வைக்கும் முக்கிய ஆட்சேபம் இதுதான்: மனிதர்கள் நகலெடுப்பதைவிட, ஊகித்து மீண்டும் உருவாக்குகிறார்கள். அவரை அவசியம் படியுங்கள்.

அப்புறம் காசுக் கணக்கு. இந்தியாவில் 2003-இல் செல்பேசிக்கு வரும் அழைப்புகள் இலவசமாகின, செலவு முழுக்கக் கூப்பிடுபவர் தலையில். மிஸ்டு காலுக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. 2016-இல் ஜியோ இலவசப் பேச்சோடு வந்தது, கட்டணக் கவலை போனது, எங்கள் வீட்டு ரிங் கணக்கும் மறைந்தது. பழக்கம் தன் பலத்திலேயே பரவியிருந்தால் கட்டணத்தோடு சேர்ந்து ஏன் போக வேண்டும்? உங்கள் கட்டுரையை இந்தக் கேள்வியில் தொடங்குங்கள். 'யாரைப் பார்த்துக் கற்றார்கள்' என்பதற்கு மட்டும் மீமியலை வைத்துக்கொள்ளுங்கள், 'ஏன் நிலைத்தது' என்பதற்குக் கட்டண வரலாற்றை எடுங்கள்.